இருபது மில்லி

ஜூன் 3

சகலைக்கு,

மூன்று வருஷத்தில் நாற்பது தடவையாவது உனக்கு ஃபோன் போட்டிருப்பேன். நீ எடுக்கவில்லை. அதனால் பேனாவை எடுத்தேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால். அதைப் பார்த்துவிட்டு நம் மாமனார், ‘மாப்பிள்ளை எழுத்து வளைச்சுப் போட்ட கம்பி மாதிரி இருக்கே’ என்றாராம். நீயும் பொறுத்துக்கொள்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. உன் கையெழுத்து ஒன்று வேண்டும்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை பள்ளிக்கூடத்து மாடி ஹால். நீ வரைந்தாய், நான் வெட்டி மாட்டினேன். அந்த ஹாலை இப்போது நூலகம் ஆக்கப்போகிறார்கள். எங்கோ மூடப்பட்ட கல்லூரி ஒன்று பன்னிரண்டாயிரம் புத்தகத்தைச் சும்மா தருகிறதாம். ஏழடி உயர இரும்பு ரேக்குகளுக்கு ஆர்டரும் எனக்குத்தான். ஜூலை ஒன்றாம் தேதி புத்தகம் வந்து இறங்கும். அதற்கு முன்னால், ‘இந்தத் தளம் அவ்வளவு பாரத்தையும் தாங்கும்’ என்று ஓர் எஞ்சினியர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை பிடிவாதமாக இருக்கிறார். புது ஆளைப் பிடித்தால் அவன் அஸ்திவாரத்தில் ஆரம்பிப்பான். உன்னிடம் பழைய கணக்கு இருக்கிறது. பார்த்துவிட்டு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

நமக்குள் நடந்ததை நான் மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிடு. பெரியவளும் சின்னவளும் நம் முதுகுக்குப் பின்னால் வாரத்துக்கு மூன்று நாள் பேசிக்கொள்கிறார்கள், தெரியுமா உனக்கு? என் வீட்டுக்காரி ஃபோனைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால் அந்தப் பக்கம் அவள் தங்கைதான். அக்கா தங்கை சண்டை போடவே இல்லை. நாம்தான் அசடு மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறோம்.

உன் சகலை


ஜூன் 9

இரும்புக் கடை உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தொலைபேசியில் இது பற்றிப் பேச மாட்டேன். சொல்வது எதுவானாலும் தாளில், தேதியுடன், கையெழுத்துடன் இருக்கட்டும். காரணம் தங்களுக்குத் தெரியும்.

கணக்கைப் பார்த்தேன். ஹாலில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு பீமும் தன் ஒவ்வொரு முனையிலும் ஆறரை டன் இறக்குகிறது. அதே இடத்தில் ஏழடி ரேக்கும் புத்தகமும் வந்தால் பத்தரை டன். பீம் தாங்கும். அதைத் தாங்குகிற மெயின் பீமும் தூணும் தாங்கும். பழைய கணக்கிலேயே அவற்றுக்கு இடம் விட்டிருந்தேன்.

மீதி இருப்பது இணைப்பு. பீமின் பாரம் முழுவதும் அதன் முனையில் இருக்கும் மூன்று போல்ட் வழியாகத்தான் மெயின் பீமுக்குப் போகிறது. வேறு வழி கிடையாது. நான் வரைந்தபடி செய்திருந்தால் அந்த மூன்று போல்ட்டும் பத்தரை டன்னைத் தாங்கும்.

வரைந்தபடி செய்திருக்கிறதா? குறிப்பாக, கிழக்குப் பக்கத்து எட்டு பீம்கள். ஆம் அல்லது இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவும். பிறகு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
எஞ்சினியர்


ஜூன் 14

சகலைக்கு,

உரிமையாளர் அவர்களாம்! பெரியவளிடம் படித்துக் காட்டினேன். ‘நல்லா வேணும் உங்களுக்கு’ என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

கிழக்கு எட்டு பீமைப் பற்றி அன்றைக்கே உனக்குச் சொன்னேனே. உன் வரைபடத்தில் நீளம் இருபது மில்லி குறைச்சலாக இருந்தது. வெட்டிக்கொண்டு போனால் ஓட்டைக்கு ஓட்டை சேரவில்லை. அதனால் எட்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக வெட்டிப் போட்டோம். நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருவதற்குள் தளமும் போட்டு சீலிங்கும் அடித்தாயிற்று. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது.

ஒன்று யோசித்துப் பார். மூன்று வருஷமாக நிற்கிறது. போன மாதம் பாட்டுப் போட்டி என்று முந்நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அதன்மேல் குதித்தார்கள். நானே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு முனகல் உண்டா? விழுகிற கட்டடமாக இருந்தால் எப்போதோ விழுந்திருக்கும். இரும்பை நாற்பது வருஷமாகத் தோளிலும் தராசிலும் தூக்கிப் பார்த்தவன் சொல்கிறேன். நீ காகிதத்தில் பார்த்தவன்.

புத்தகம் வருகிற தேதி நெருங்குகிறது. தலைமை ஆசிரியை இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். நீண்ட கடிதமெல்லாம் வேண்டாம். கையெழுத்தை அனுப்பு.

உன் சகலை


ஜூன் 19

ஐயா,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட ‘ஆம்’ அதில் எங்கேயும் இல்லை.

கழற்றிய எட்டு பீம் எங்கே போயின? மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஊரை விட்டுக் கிளம்பும்போது உங்கள் பட்டறையைக் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கேயும் இல்லை. இரண்டு அங்குல ஆணியைக்கூடக் கீழே விடாதவர் நீங்கள். ஆறு மீட்டர் பீம் எட்டு எப்படிக் காணாமல் போகும்? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குக் கேட்கும் மனநிலை இல்லை.

மூன்று வருஷமாக நிற்கிறது என்கிறீர்கள். பீம் தாங்காவிட்டால் வளையும். தரை தொய்யும், சுண்ணாம்பு விரிசல் விடும், கதவு இடிக்கும். பார்க்கிறவனுக்குத் தெரியும், ஓடித் தப்பிக்க நேரம் இருக்கும். முனையில் இருக்கும் இணைப்பு அப்படி இல்லை. ஒன்றும் சொல்லாது. விடும் நிமிஷத்தில்தான் விட்டது என்றே தெரியும்.

நீங்கள் எனக்கு ஒட்டி அனுப்பும் தபால்தலையைப் பாருங்கள். ஓட்டை வரிசையாக இருப்பதால் அந்தக் கோட்டில் சுலபமாகக் கிழிகிறது. பீமின் முனையிலும் மூன்று ஓட்டை, ஒன்றின் கீழ் ஒன்றாக. மெயின் பீமோடு மட்டம் சேர்வதற்காக மேல் விளிம்பை வேறு வெட்டியிருக்கிறோம். பாரம் கூடினால் பீம் கீழே இறங்கப் பார்க்கும், போல்ட் பிடித்து நிறுத்தும். கிழியாமல் காப்பது ஓட்டைக்கும் பீமின் முனைக்கும் நடுவில் இருக்கிற இரும்புதான். ஓட்டையின் மையத்திலிருந்து முனை வரைக்கும் நாற்பது மில்லி கொடுத்திருந்தேன். அது இருந்தால் ஒன்றும் ஆகாது.

ஒரு வேலை செய்யுங்கள். கீழ் வகுப்பறையில் ஏணி போட்டு, கிழக்குச் சுவர் ஓரமாக சீலிங் பலகையைக் கழற்றுங்கள். இரும்பு ஸ்கேலால் அந்த நாற்பதை அளந்து பாருங்கள். நீங்களே ஏறுங்கள். மேஸ்திரியை அனுப்ப வேண்டாம்.

என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்த கதவுக்கு வெளியே நின்றுதான் அன்றைக்கு உங்கள் ஃபோனை எடுத்தேன். ‘இரண்டு நாளில் வருகிறேன், அதுவரை பீமைத் தொடாதீர்கள்’ என்றேன். ‘சரி’ என்றீர்கள். இரண்டு நாள் மூன்று வாரமாக இழுத்தது. நான் திரும்பி வந்தபோது, என் வரைபடம் தப்பு என்று பள்ளியில் சொல்லி முடித்திருந்தீர்கள். அந்தச் ‘சரி’ எந்தத் தாளிலும் இல்லை.

எஞ்சினியர்


ஜூன் 24

சகலைக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மேஸ்திரியை அனுப்பவில்லை, ஏணியைப் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். நெட்டையனைத்தான். அன்றைக்கு பீம் மாட்டியவன் அவன்தானே. வாட்ச்மேன் சாவியைக் கொடுத்துக்கொண்டே, “ஒரு நாள் லீவு விட்டா இரும்பு துருப்பிடிச்சிடுமா ஐயா?” என்றான். சிரித்துவிட்டு உள்ளே போனேன். அன்றைக்குச் சிரித்தது அது ஒன்றுதான்.

அந்த வகுப்பறையை நீ பார்த்ததில்லை. முழங்கால் உயரத்துக்குக் குட்டி பெஞ்சுகள். ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பெயரை ஒட்டி, பக்கத்தில் ஒரு பழத்தின் படம் வரைந்திருக்கிறது. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஏணியைப் போட்டேன். நான் ஏணி ஏறிப் பத்து வருஷம் ஆகிறது.

முதலில் மேற்கு முனையைப் பார்த்தேன். அளந்தேன். நாற்பது. கீழே பார்த்து, “சரியாத்தான்டா இருக்கு” என்றேன். நெட்டையன் ஏணிக்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். 

கிழக்கு முனைக்கு ஏணியை நகர்த்தினோம். டார்ச் அடித்தேன். பெரிய பெரிய வாஷர் போட்டு மூடியிருந்தது. அதற்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினேன். மெஷினில் போட்ட ஓட்டை விரலுக்கு வழவழப்பாக இருக்கும். இது கேஸ் நெருப்பு வைத்து ஊதி உருக்கின ஓட்டை, பல் பல்லாக. பழைய ஓட்டையும் புது ஓட்டையும் சேர்ந்து, 8 என்ற எண்ணைப் படுக்கவைத்த மாதிரி கிடக்கிறது. போல்ட்டிலிருந்து பீமின் முனைக்கு அளந்தேன். இருபது. கீழ் போல்ட்டில் பதினேழு. அதிலும் பாதியை ஓட்டை தின்றது போக மிச்சம் என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை.

எட்டு முனையும் அப்படித்தான்.

இறங்கி வந்து அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“ஏன்டா இப்படி ஊதி வச்சிருக்கே?”

“நீங்கதானே சொன்னீங்க முதலாளி.”

“நான் என்னடா சொன்னேன்?”

“‘என்னத்தையாவது பண்ணி மாட்டு, சாயங்காலம் கிரேன் போயிடும்’னு சொன்னீங்க. ஒரு பக்கத்தை நேரா மாட்டிட்டேன். மொத்தக் குறைச்சலும் மறுபக்கம் வந்துடுச்சு. அங்க வேற என்ன பண்றது?”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேட்டிருக்கலாம்ல?”

 கேட்காமல் இருந்தது மறதியால் அல்ல சகலை. கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை. உன்னிடம் புது பீம் போட்டதாகச் சொன்னேன். போடவில்லை. இதோ எழுதிவிட்டேன், கீழே கையெழுத்தும் போடுகிறேன்.

இதற்கு மேல் எழுதப்போவது இன்னும் கஷ்டம்.

வரைபடம் தப்பு என்று நான் பள்ளியில் சொன்னபோது அதை நிஜமாகவே நம்பினேன். நேற்று அதை நிரூபிக்கத்தான் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். உன்மேல் பாதியாவது இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு. மெயின் பீமுக்கு நடுவில் ஆறாயிரம் மில்லி இடைவெளி. பக்கத்துக்குப் பத்து விட்டு, பீமின் நீளம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது என்று நீ போட்டிருக்கிறாய். சரியாகத்தான் போட்டிருக்கிறாய். மேலே இருக்கிற பீமை அளந்தால் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. அப்படியானால் இருபது எங்கே போயிற்று?

பட்டறைக்குப் போய் மெஷின்காரரைக் கேட்டேன்.

“பீம் எல்லாம் எப்படி வெட்டுவீங்க?”

“எப்பவும் போலத்தான். டிராயிங்ல இருக்கற நீளத்துல இருபது கழிச்சு.”

“யார் கழிக்கச் சொன்னது?”

 தாடையைத் தூக்கி மெஷினுக்கு மேலே சுவரைக் காட்டினார்.

சிவப்பு பெயிண்டில், என் கையெழுத்தில்: ‘டிராயிங் நீளத்தில் இருபது மில்லி கழித்து வெட்டு.’

உனக்குத் தெரியும் அந்தக் கதை. தொழில் ஆரம்பித்த புதிதில் பன்னிரண்டு பீம் தூணுக்கு நடுவில் நுழையாமல் திரும்பி வந்தது. அந்தக் காலத்து எஞ்சினியர்கள் இடைவெளியை அப்படியே நீளமாக எழுதிக் கொடுப்பார்கள். அன்றைக்கு எழுதினது அது. பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படிக்காத நான் அடிபட்டுப் படித்த பாடம். வருகிறவர்களுக்கு எல்லாம் பட்டம் வாங்கின மாதிரி காட்டுவேன். நீ வந்த பிறகு உன் வரைபடத்தில் நீயே கழித்துவிடுவாய். வெட்டும்போது மெஷின் பக்கத்தில் நின்று, “கழிச்சாச்சு, அப்படியே வெட்டுங்க” என்பாய். அந்த எட்டு பீமையும் வெட்டிய வாரம் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். மெஷின்காரர் சுவர் சொன்னபடி வெட்டிவிட்டார்.

மாடி ஹாலைப் பூட்டிவிட்டேன், சீலிங் வேலை என்று சொல்லி. புத்தகத்தையும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்கிறேன், ரேக் தயாராகவில்லை என்றால் நம்புவார்கள். அடுத்த லீவில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல். இந்த ஊரில் பாதிக் கட்டடத்தில் என் பீம் இருக்கிறது. இது வெளியே வந்தால் எல்லாரும் சீலிங்கைப் பிரிக்கச் சொல்வார்கள். தள்ளுவண்டியில் பழைய இரும்பு பொறுக்கி ஆரம்பித்தவன் நான். மறுபடி அங்கே போய் நிற்க எனக்கு வயசு இல்லை.

உன் சகலை
(கையெழுத்து)


ஜூன் 26, கூரியர்

காலை பத்தேகாலுக்கு உங்கள் கடிதம் வந்தது. பத்தரைக்குப் பள்ளிக்கு ஃபோன் செய்து கீழ் வகுப்பறையைக் காலி செய்யச் சொன்னேன். பதினொன்றுக்குப் பிள்ளைகள் வெளியே வந்துவிட்டதாகத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மாடியைப் பூட்டிவிட்டுக் கீழே பிள்ளைகளை உட்காரவைத்திருந்தீர்கள். தளம் விழுந்தால் எங்கே விழும் என்று யோசித்தீர்களா?

இதைப் படித்தவுடன் செய்ய வேண்டியது: எட்டு கிழக்கு முனையிலும், போல்ட் மாட்டியிருக்கும் மெயின் பீம் ப்ளேட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி, பீமுக்கு அடியில் ஒரு இரும்பு முட்டு. ஒவ்வொன்றும் பன்னிரண்டு டன் தாங்க வேண்டும். தரையில் கனமான பலகை போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். பீமைத் தொட்டுக்கொண்டு நின்றால் போதும், தூக்கக் கூடாது. போட்டதும் படம் எடுத்து அனுப்புங்கள்.

தலைமை ஆசிரியை என்னிடம் காரணம் கேட்டார். ‘அளவில் சந்தேகம் இருக்கிறது. இரும்புக் கடைக்காரர் நேரில் வந்து சொல்வார்’ என்றேன். மூன்று நாள். நீங்கள் போகாவிட்டால் நான் எழுதுவேன். என் கையால் அதை எழுத வைக்காதீர்கள்.

சத்தமில்லாமல் சரிசெய்யலாம் என்கிறீர்கள். சத்தமில்லாமல் செய்ததுதான் இப்போது அந்த சீலிங்குக்கு மேலே இருக்கிறது.

மற்றக் கட்டடங்கள்: நான் மெஷின் பக்கத்தில் நிற்காத நாட்களில் என் வரைபடத்துக்கு எதை எதை வெட்டினீர்கள் என்று பட்டியல் எடுங்கள். பெரிதாக இருக்காது. ஆனால் எடுங்கள்.


ஜூலை 2

சகலைக்கு,

முட்டு எட்டும் கூரியர் வந்த அன்றைக்கே போட்டாயிற்று. படம் இதோடு இருக்கிறது. நெட்டையன் போட்டான், ஒவ்வொன்றையும் நான் ஏறிப் பார்த்தேன்.

தலைமை ஆசிரியையை மூன்றாம் நாள் சாயங்காலம்தான் பார்த்தேன். முதல் இரண்டு நாளும் பள்ளி வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். அந்த அம்மா நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை, எழுதவும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கிரேன், கேஸ், சுவர், புது பீம் என்று சொன்ன பொய்.

“அன்னைக்கு இதே நாற்காலியில உக்காந்து என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

“இருக்கும்மா. டிராயிங் தப்புன்னு சொன்னேன்.”

“நான் அந்தத் தம்பிக்கு ஒரு லெட்டர் எழுதினேன். இனிமே எங்க வேலைக்கு நீங்க வரவேண்டாம்னு. அவர் மனைவி ஆஸ்பத்திரியில இருந்தது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இப்ப அந்த லெட்டரை நான் எப்படித் திரும்ப வாங்கறது?”

நீ அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடம் சொன்னதே இல்லை. சின்னவளும் பெரியவளிடம் சொல்லவில்லை. இப்போதுதான் தெரியும் எனக்கு.

வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, “எழுதிக் கொடுங்க” என்றார். எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, “‘தவறு நடந்துவிட்டது’ன்னு எழுதியிருக்கீங்க. அதுவா நடந்துச்சா, நீங்க செஞ்சீங்களா?” என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி எழுதினேன். மூன்றாவது தாளை வாங்கிக்கொண்டார். ஆறாம் வகுப்பில் நின்ற மாதிரி நின்றேன். பிரதி இதோடு வைத்திருக்கிறேன். ‘வரைபடம் சரியானது. எஞ்சினியர்மீது நான் சொன்னது பொய்’ என்ற வரியை மட்டுமாவது சின்னவளிடம் காட்டு.

விஷயம் இரண்டே நாளில் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கிடங்கு கட்டுகிறவர் தன் வேலையை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். பட்டியல் எடுத்தேன். நீ நிற்காத நாளில் வெட்டியது இன்னும் ஒரே ஓர் இடம்தான், மருந்துக் கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன மாடி. அதையும் பிரித்துப் பார்த்தேன். அங்கேயும் பீம் குறைச்சல்தான், ஆனால் ஓட்டையை ஊதவில்லை. இரண்டு பக்கமும் ப்ளேட்டைத் தள்ளி வெல்டிங் வைத்திருக்கிறார்கள். அளவை எழுதி அனுப்புகிறேன், பார்த்துச் சொல்.

வகுப்பு இப்போது வராண்டாவில் நடக்கிறது. நான் போனபோது ஒரு பிள்ளை, “எங்க கிளாஸ்ல இருக்கற தூணெல்லாம் நீங்க வச்சதா?” என்று கேட்டது. ஆமாம் என்றேன். “அழகா இல்ல” என்றது.

இனி சரிசெய்வது எப்படி என்று வரைந்து அனுப்புவாயா? கேட்கும் யோக்கியதை இல்லை. கேட்கிறேன்.

உன் சகலை


ஜூலை 5

அண்ணனுக்கு,

உங்கள் பிரதியைச் சின்னவள் இரண்டு தடவை படித்தாள். மடித்து என் மேஜைமேல் வைத்தாள். “அத்தான் எழுதிட்டாரு. இனி நீங்கதான் பாக்கி” என்றாள். மூன்று வருஷமாக அவளுக்கு மட்டும் தெரிந்ததை இப்போது எழுதுகிறேன்.

என் எல்லா வரைபடத்திலும் ஓரத்தில் குறிப்புகள் இருக்கும். போல்ட் என்ன தரம், வெல்டிங் என்ன கனம் என்று. ‘காட்டியிருப்பது இறுதி நீளம், இடைவெளி கழிக்கப்பட்டுவிட்டது’ என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும். உங்கள் பட்டறைக்கு வரைந்த எதிலும் அது இல்லை. மறந்தேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. உங்கள் சுவரில் உள்ள சிவப்பு எழுத்தை நூறு தடவை பார்த்திருக்கிறேன். என் வரைபடமும் உங்கள் சுவரும் இடிக்கிறது என்பது முதல் நாளே தெரியும். ஒரு வரி எழுதினால் தீர்ந்திருக்கும். எழுதாமல், வெட்டுகிற ஒவ்வொரு முறையும் வந்து நின்றேன். நான் வாயைத் திறந்தால்தான் மெஷின் ஓடும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் பட்டறையில் எல்லாம் உங்களுடையது. அது ஒன்று என்னுடையது.

ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நீங்கள் ‘இருபது மில்லி குறையுது’ என்ற அந்த நொடியே என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ‘சுவரைப் பாருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘தொடாதீர்கள், நான் வருகிறேன்’ என்று மட்டும் சொன்னேன். நான் வந்து காட்டினால்தான் தெரிய வேண்டும் என்று இருந்தது. அதற்குள் நீங்கள் என் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். பிறகு என்மேல் ஒரு தூசி இல்லை என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்துவிட்டேன். பள்ளியிலிருந்து வந்த கடிதம் அந்த நினைப்புக்கு நன்றாக உதவியது.

கீழே பிள்ளைகள் இருந்த மூன்று வருஷமும் எனக்குச் சந்தேகம் இருந்தது. காணாமல் போன எட்டு பீமை நினைப்பேன். நீங்கள் எழுதும்வரை நானாக யாரிடமும் கேட்கவில்லை. ‘நீங்க கேட்டிருக்கலாம்ல?’ என்று நெட்டையன் உங்களைக் கேட்டானே, அந்தக் கேள்வி எனக்கும் உண்டு.

இந்தக் கடிதத்தைத் தலைமை ஆசிரியையிடம் கொடுங்கள். கொடுத்தீர்களா என்று கேட்க மாட்டேன்.

சரிசெய்யும் வரைபடம் இதோடு இருக்கிறது. எட்டு முனையிலும் பீமுக்கு அடியில் கனமான, ‘எல்’ வடிவ இரும்பு ஆங்கிள் ஒன்று, மெயின் பீமில் ஆறு போல்ட்டில் பிடித்து. இனி பீம் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பாரம் அந்தப் புண்பட்ட ஓட்டைகளைத் தேடிப் போகாது. ஓட்டைகளை மெஷினில்தான் போட வேண்டும். மருந்துக் கடை மாடிக்கு பயமில்லை, தனியாக எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை அந்த வரியை எட்டு ஆங்கிளுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன்.

சகலை


ஜூலை 11

சகலைக்கு,

உன் கடிதத்தை ஒரு நாள் முழுக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உனக்காக இரக்கப்பட்டு அல்ல. குற்றத்தை ஒத்துக்கொண்டவன் என்று ஊரில் எனக்கு இப்போதுதான் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது. அதில் உனக்குப் பங்கு கொடுக்க மனசு வரவில்லை. பெரியவள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பார்த்துவிட்டாள். படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

தலைமை ஆசிரியை நிதானமாகப் படித்தார். என் தாளை வைத்திருந்த அதே ஃபைலில் உன்னுடையதையும் வைத்தார். “ரெண்டு பேருக்கும் வாய் இருந்துச்சு. பக்கத்துப் பக்கத்துல நின்னு வேலை பாத்தீங்க. இதை அப்பவே பேசியிருந்தா என் பிள்ளைங்க மூணு வருஷம் அதுக்கடியில உக்காந்திருக்க வேண்டாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. உனக்குத் தனியாக எழுதுகிறேன் என்றும் சொன்னார். வேலை முடிந்து நீ வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வகுப்பைத் திறப்பாராம். வேறு யார் கையெழுத்தும் வேண்டாமாம்.

புத்தகம் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகக் கீழே தரையில், சைக்கிள் ஷெட்டில் இருக்கிறது. நல்ல கனம். ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். இதெல்லாம் மாடிக்குப் போயிருந்தால் என்று நினைத்தபோது அங்கேயே வைத்துவிட்டேன்.

ஆங்கிள் நேற்று வந்து இறங்கியது. மெஷின்காரர் உன் வரைபடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். “எதையும் கழிக்க வேண்டாம்னு எட்டு இடத்துல எழுதியிருக்காரே முதலாளி. சந்தேகமே இல்ல. வெட்டட்டுமா?” என்றார்.

வேண்டாம் என்றேன்.

“ஏன்? எல்லாம்தான் எழுதியிருக்கே.”

“எழுதியிருக்குய்யா. அவன் வந்து சொல்லட்டும்.”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பார்க்கத்தானே செய்வார். சாப்பாட்டு நேரத்தில்கூட அந்த மெஷினை நிறுத்த விட்டவன் இல்லை நான். நேற்றிலிருந்து ஓடவில்லை. பட்டறையில் ஆட்கள் மெதுவாகப் பேசுகிறார்கள், சத்தம் போட்டுப் பழகியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவரில் அந்த எழுத்து அப்படியே இருக்கிறது. அழிக்க பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன், டப்பாவைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ரயிலில் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுப் பெரியவள் சின்னவளுக்கு அனுப்பிவிட்டாளாம். என்னிடம் பிறகுதான் சொன்னாள். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பவா என்று கேட்டாள். நானே வருகிறேன்.

வந்து மெஷின் பக்கத்தில் நில். நீ சொன்ன பிறகு ஓட்டுகிறோம்.

உன் சகலை